பிடிக்காரன் பெண்சாதி பூமாலை

கோலியனூருக்குக் கிழக்கே ஏரிக்கரை ஓரமாகக் கூலிக்காரர்களின் தெரு ஒன்று இருந்தது. அந்தத் தெருவுக்கென்று ஒரு சின்னத் திரௌபதியம்மன் கோயில். சித்திரையில் பாரதக் கூத்து வைப்பார்கள். கூத்து முடிகிற நாள் காலையில் படுகளம். கோயில் திடலில் மண்ணைக் குவித்து, நாலு ஆள் நீளத்துக்குத் துரியோதனனை மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். அவன் தொடைக்குள் குங்குமத் தண்ணீர் நிரப்பிய பானை புதைந்திருக்கும். பீமன் வேஷம் கட்டியவன் கதாயுதத்தை ஓங்கி அந்தத் தொடையை உடைக்க வேண்டும்.

உடைத்ததோடு நின்றுவிட்டால் வம்பில்லை. நிற்கமாட்டான். விரதம் இருந்து வயிறு ஒட்டிப்போன உடம்பு, ராவெல்லாம் ஆட்டம், காதுக்குப் பக்கத்தில் மத்தளம். ஆவேசம் ஏறினவனுக்கு எதிரே நிற்கிறவன் மண்டையும் துரியோதனன் தொடையாகத்தான் தெரியும். பக்கத்து ஊர்ப் படுகளம் ஒன்றில் கதாயுதம் பட்டு ஒருவன் நின்ற இடத்திலேயே செத்திருக்கிறான். அதனால் பீமன் இடுப்பில் துணியைப் போட்டு, பின்னாலேயே ஒருவன் பிடித்துக்கொண்டு ஓடுவான். அவனுக்குப் பிடிக்காரன் என்று பேர். பூமாலையின் புருஷன் விருத்தாசலம் அந்தத் தெருவின் பிடிக்காரன்.

பூமாலை அந்த ஊர்க்காரி இல்லை. திண்டிவனத்துக்கு அந்தாண்டை பெருமுக்கல் மலையடியில் ஜல்லி உடைக்கிற வீட்டில் பிறந்தவள். பல் விழுந்து முளைக்கிற வயதிலேயே சுத்தியல் பிடித்தவள். ஒரு கருங்கல்லைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தால் போதும், எங்கே தட்டினால் பிளக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஆண்பிள்ளைகள் நாலு அடி அடிக்கிற கல்லை அவள் ஒரே அடியில் இரண்டாக்குவாள். முப்பத்து நாலாம் வருஷம் கோலியனூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள்.

வந்த சித்திரையிலேயே படுகளம் பார்த்தாள். பீமன் வேஷம் சின்னதுரைக்கு. விழுப்புரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றி இறக்குகிறவன்; கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆகிருதி. அவன் தொடையை உடைத்துவிட்டு, வாயில் நுரை தள்ள, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினபோது அலறிக்கொண்டு ஓடியவர்களில் பூமாலையும் ஒருத்தி. மூச்சிரைக்கத் திரும்பிப் பார்த்தாள். தன்னுடைய ஒல்லிப் புருஷன் அந்த மலையைத் துணியால் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

அன்றைக்குச் சோறு போடும்போது கேட்டாள், ஓங்கி ஒண்ணு வைத்தால் அடங்கமாட்டாரா என்று. விருத்தாசலம் சிரித்தான்.

“அடிக்கிறவன் பிடிக்கத் தெரியாதவன். அடிச்சியோ, அந்த அடியும் அவன் வேகத்தோட போய்ச் சேர்ந்துக்கும்.”

பிறகு சோற்றுக் கையோடு அவளுக்கு விளக்கினான். துணியை நனைத்து முறுக்க வேண்டும். காய்ந்த துணி வழுக்கிவிடும். கழுத்தில் போடக்கூடாது, இடுப்பில்தான். இழுக்கவும் கூடாது. அவன் போகிற பக்கமே நாமும் கொஞ்சம் போய், பிறகு உடம்பின் கனத்தை மெல்லப் பின்னால் சாய்த்துக் கொடுக்க வேண்டும். கையில் இருப்பதைப் பிடுங்கப் போனால் தொலைந்தோம். அவன் மூச்சு வாங்குகிற நேரம் ஒன்று வரும். அப்போது காதில் வாயை வைத்து அவனுடைய சொந்தப் பேரைச் சொல்ல வேண்டும், அப்பன் பேரைச் சொல்ல வேண்டும், ஊரைச் சொல்ல வேண்டும். பீமா என்று மட்டும் கூப்பிடவே கூடாது.

“எங்கியோ போய்க்கினு இருக்கிறவனைப் பின்னால இருந்து கூப்பிட்டா திரும்ப மாட்டானா, அந்த மாதிரிதான்” என்றான்.

பேர் சொல்வது பூமாலைக்கு ஆகாத காரியம். புருஷன் பேரைப் பெண்சாதி வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது தெருவின் நம்பிக்கை; எவளும் சொல்லமாட்டாள். இவளுக்கோ புருஷன் பேரில் ஒரு ஊரே இருந்து தொலைத்தது. அறுப்புக்கு அங்கே ஆள் கூப்பிடுகிறார்கள் என்று சொல்ல வேண்டி வந்தால், “விழுப்புரத்துக்கு அந்தாண்ட, ரயிலு நிக்குமே, அந்த ஊரு” என்பாள். மாமியார் கெங்கம்மாள் விடமாட்டாள். “எந்த ஊருடி? ரயிலு நூறு ஊருல நிக்குது” என்று வம்புக்கு இழுப்பாள். மருமகள் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வதில் கிழவிக்கு ஒரு சந்தோஷம். மகள் வீரம்மாள் பிறந்த பிறகு அந்தச் சங்கடம் பாதி தீர்ந்தது. புருஷனை ‘வீரம்மா அப்பா’ என்று கூப்பிட்டாள்.

நாற்பத்தொன்று ஐப்பசியில் விருத்தாசலத்துக்குத் தூக்கம் போயிற்று.

முதலில் விடிய விடியச் சும்மா உட்கார்ந்திருந்தான். பிறகு பேச ஆரம்பித்தான். யாரோடு என்று தெரியவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ தன்னைத் திட்டுவதாகச் சொல்லிப் பெரிய பெரிய கல்லாகத் தூக்கி உள்ளே போட்டான். கேப்பைக் களியில் விஷம் என்று சட்டியைத் தூக்கி அடித்தான். தடுக்கப் போன பூமாலையை நெஞ்சில் கைவைத்துச் சுவரில் மோதினான். பின்மண்டையில் ரத்தம் வந்தது. அதைப் பார்த்ததும் அவள் காலடியில் குந்தி, யார் உன்னை அடித்தது என்று கேட்டு அழுதான்.

தெருவுக்கு யோசிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. “வருஷா வருஷம் பீமனைப் பிடிச்சான் இல்ல? அந்த வேகமெல்லாம் துணி வழியா இவன் உடம்புல எறங்கிடுச்சி” என்றார் நாட்டாண்மை அப்பாதுரை. எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. பிடித்தவனுக்கு வந்தது என்றால், இவனைப் பிடிக்கிறவனுக்கும் வரும். ஆகவே எவனும் அவனைக் கையால் தொடவில்லை. தூர நின்று கல்லால் அடித்தார்கள். கிட்டே வந்தால் மூங்கில் கழியால் வயிற்றில் குத்தித் தள்ளினார்கள். மல்லாட்டை பறிக்கிற இடத்தில் பெண்கள் பூமாலையை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். அவள் குடித்த குவளையைக் கழுவாமல் எடுக்கவில்லை.

அந்தப் பிடிதுணியைக் கொளுத்தச் சொல்லி அப்பாதுரை ஆள் அனுப்பினார். பூமாலை அதை எடுத்துப் புடவைக்கு மேலே இடுப்பில் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். வேண்டியவர்கள் வந்து அவிழ்த்துக்கொண்டு போகட்டும் என்று சொல்லி அனுப்பினாள். எவனும் வரவில்லை. சின்னதுரைகூட அந்த வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டான். தன்னுடைய வேகம்தான் அந்த மனுஷனைக் கெடுத்தது என்று அவன் நம்பினான். கிட்டே போனால் அது தன்னிடமே திரும்பி வரும் என்று பயந்தான்.

செய்தி கேட்டு அண்ணன் மண்ணாங்கட்டி பெருமுக்கல்லிலிருந்து மாட்டுவண்டியோடு வந்தான். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காததால் அவனுக்கு அப்படியொரு பேர். எமன்கூட வேண்டாம் என்று போய்விடுவான் என்று வைத்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன்னோடு வந்துவிடச் சொன்னான். அவள் வரமாட்டேன் என்றாள். அப்படியானால் திண்டிவனத்துக்கு வெளியே ஒரு பேயோட்டி இருக்கிறான், ஒருமுறை காட்டிவிடுவோம் என்றான். விருத்தாசலத்தை வைக்கோலில் படுக்க வைத்து வண்டியைக் கட்டினார்கள்.

ஒரு புளியந்தோப்பு. மரத்துக்கு மரம் சங்கிலி. விருத்தாசலத்தை ஒரு மரத்தில் கட்டி மொட்டையடித்தார்கள். பேயோட்டி உச்சந்தலையைக் கத்தியால் கீறி, எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்த்தான். மூக்குக்குக் கீழே மிளகாயைப் புகைத்தான். பிறகு புளியமிளாறை எடுத்துக்கொண்டு கேட்டான், யார் நீ, பேரைச் சொல் என்று.

விருத்தாசலம் தன் பேரைச் சொன்னான்.

பேயோட்டி முதுகில் இழுத்தான். “பொய் சொல்ற. பேரைச் சொல்லு.”

விருத்தாசலம் மறுபடியும் தன் பேரைச் சொன்னான். அப்பன் பேரையும் சேர்த்துச் சொன்னான். கோலியனூர் என்றான். ஒவ்வொரு பேருக்கும் ஒரு அடி விழுந்தது. மிளாறு முறிய முறிய வேறு மிளாறு கொடுத்தார்கள். தோல் கிழிந்து ரத்தம் வேட்டியில் இறங்கிற்று. கடைசியில், அவன் கேட்பது என்ன பேர் என்று புரிந்துகொண்டவனைப் போல, “பீமன்” என்றான். பேயோட்டி சிரித்தான். அப்படிச் சொல் என்று அடியை நிறுத்தினான். இனி பீமனை விரட்டச் சூடு போட வேண்டும் என்று நெருப்பிலிருந்து கம்பியை எடுத்தான்.

முதல் சூடு கெண்டைக்காலில் விழுந்தது. சதை பொசுங்கும் வாடை பூமாலையின் மூக்கில் ஏறிற்று. இரண்டாவது சூட்டுக்குக் கம்பி இறங்குகிற நேரம், அடுப்புக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை அவள் உருவினாள். ஜல்லிக்கு ஓங்குகிற அதே ஓங்கல். மணிக்கட்டு எலும்பு எங்கே பிளக்கும் என்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது. பேயோட்டி கம்பியைப் போட்டுவிட்டு மண்ணில் புரண்டான். அவன் ஆட்கள் ஓடி வருவதற்குள் மண்ணாங்கட்டி சங்கிலியைக் கழற்றி மைத்துனனைத் தோளில் போட்டுக்கொண்டான். அண்ணன் முதுகில் இரண்டு தடியடி விழுந்தது, வண்டி ஓடிவிட்டது.

திண்டிவனத்தில் ஒரு டாக்டரம்மா சூட்டுப் புண்ணைக் கழுவிக் கட்டினார். என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். “காய்ச்சல் வந்தவனுக்குச் சூடு போடுவீர்களா? இதுவும் வியாதிதான், தலைக்கு வந்த வியாதி. அவனே பயந்துபோய் இருக்கிறான், நீங்கள் அடித்தால் இன்னும் பயப்படுவான். தூங்க வையுங்கள், வேளைக்குச் சோறு கொடுங்கள்” என்றார். தூங்குவதற்கு மருந்தும் கொடுத்தார். சுகமாகிவிடும் என்று அவர் சொல்லவில்லை. பூமாலை ஒன்றே ஒன்று கேட்டாள், தொட்டால் ஒட்டிக்கொள்ளுமா என்று. ஒட்டாது என்றார்.

அந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அவள் ஊருக்கு வந்தாள். தெருவில் சொன்னாள். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மருந்து இருந்தவரை விருத்தாசலம் தூங்கினான். எழுந்து சாப்பிட்டான், வேலி கட்டினான், மகளுக்குப் பனையோலையில் காற்றாடி செய்து கொடுத்தான். சண்டைக் காலம், மருந்து தீர்ந்தபோது மறுபடி கிடைக்கவில்லை. தூக்கம் போனதும் மற்றதெல்லாம் திரும்பி வந்தது. இந்த முறை அவன் தன்னைப் பீமன் என்றே சொன்னான். அடித்து உள்ளே ஏற்றின பேர் அங்கேயே தங்கிவிட்டது.

வேகம் வரும்போதெல்லாம் பூமாலை துணியை நனைத்து அவன் இடுப்பில் போட்டாள். துணிக்கு இரண்டு முனை. ஒரு ஆள் இரண்டையும் பிடித்தால் சுழற்றி எறிந்துவிடுவான். ஒரு முனையைத் தூணில் கட்டினாள், மறுமுனையில் தொங்கினாள். முழங்கை பட்டு உதடு கிழிந்தது. ஒரு தடவை விரல் பிசகிற்று. மூச்சு வாங்குகிற நேரம் வரும். “வீரம்மா அப்பா” என்பாள். அந்தக் குரலுக்கு அவன் தலை திரும்பாது. சொல்ல வேண்டிய சொல் தொண்டை வரை வந்து நிற்கும். அதை விழுங்கிவிட்டு அவன் களைத்துச் சாய்கிறவரை தொங்கிக்கொண்டே இருப்பாள்.

மாசியில் அது நடந்தது. அப்பாதுரையின் அக்கா மகன் பச்சைமுத்து வாட்டசாட்டமான பையன், வேலைவெட்டி இல்லாதவன். “டேய் பீமா, துரியோதனன் இங்க இருக்கிறேன்டா, வாடா” என்று தொடையைத் தட்டிக் காட்டுவதும் கல்லெறிவதும் அவனுக்குப் பொழுதுபோக்கு. ஒருநாள் விருத்தாசலம் மண்வெட்டிக் காம்பை எடுத்துக்கொண்டு போனான். முதல் அடியில் பச்சைமுத்துவின் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அடுத்த அடி தாடையில். அவன் வாயிலிருந்து பல்லும் ரத்தமும் கொட்டிற்று. தெருவே கழியோடு திரண்டு வந்து விருத்தாசலத்தை மடக்கி அடித்தது. பூமாலை அவன்மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டாள். அவனுக்கு விழ வேண்டியது பாதி அவள் முதுகில் விழுந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே பெரியவர்கள் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. அடங்காத பைத்தியத்தை விழுப்புரம் கொண்டுபோய் ஏதாவது ஒரு ரயிலில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். ரயில் எங்கே கொண்டுபோய்த் தள்ளுகிறதோ அந்த ஊர்ப் பாடு. போனவன் திரும்பி வந்ததில்லை. பூமாலையிடம் சொல்லக்கூடாது என்று முடிவாயிற்று. கெங்கம்மாளிடம் சொன்னார்கள். பேத்தியை நினைத்துக் கிழவி தலையை ஆட்டிவிட்டாள்.

மறுநாள் பூமாலை மல்லாட்டைக் கொல்லையில் இருந்தபோது நாலு பேர் வந்தார்கள். அப்பாதுரை, இரண்டு ஆட்கள், பலசாலி என்று கூட்டி வந்த சின்னதுரை. தூங்கிக்கொண்டிருந்தவனை எட்ட நின்று சுருக்குப் போட்டு, கிணற்றில் கவலை இறைக்கிற கயிற்றால் கட்டி, சாக்கால் மூடி வண்டியில் போட்டார்கள். சின்னதுரை வண்டியை ஓட்டினான். கட்டுகிற வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். வண்டி ரோடு ஏறுகிறவரை பார்த்துக்கொண்டிருந்த கெங்கம்மாள், பிறகு வீட்டுக்குள் போகாமல் கொல்லையைப் பார்த்து ஓடினாள். “பூமாலை, எம்புள்ளைய ரயிலேத்தப் போயிட்டாங்கடி” என்று வரப்பிலேயே விழுந்தாள்.

பூமாலை மாமியாரைத் தூக்கி நிறுத்தவில்லை. மண்ணோடு இருந்த கையை உதறிவிட்டு ஓடினாள்.

விழுப்புரம் ஜங்ஷனில் அன்றைக்குக் கால் வைக்க இடமில்லை. ஜப்பான்காரனிடம் சிங்கப்பூர் விழுந்த சமயம். ஒரு பக்கம் பட்டாள வண்டி நின்றது. சிப்பாய்கள் இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பக்கம் காட்பாடி வண்டி. கட்டிப்போட்ட ஆளை ஏற்றமாட்டேன் என்று ரயில் கார்டு சொல்லிவிட்டதால், அப்பாதுரையின் ஆட்கள் கயிற்றை அறுத்து, விருத்தாசலத்தைக் கழியால் உள்ளே நெட்டித் தள்ளிக் கதவை வெளியிலிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். அவன் ஜன்னல் பலகையை உதைத்து உடைத்துத் தலைகீழாகப் பிளாட்பாரத்தில் விழுந்தான். எழுந்தபோது, தண்டவாளக் கூலிகள் சாய்த்து வைத்திருந்த கடப்பாறை அவன் கையில் இருந்தது.

பூமாலை உள்ளே நுழைந்தபோது கூட்டம் வட்டமாக விலகி நின்றிருந்தது. நடுவில் அவன். அரைகுறையாக முடி முளைத்த தலையில் ரத்தம். கடப்பாறையைச் சுழற்றிச் சுழற்றி வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தான். ஒரு போலீஸ்காரரின் லத்தி அவன் நெற்றியைப் பிளந்தது. அவன் அசையவில்லை, கடப்பாறை திரும்பி வந்து லத்தியை இரண்டாக ஒடித்தது. ஒரு பெட்டியின் கதவு நசுங்கிற்று. யாரோ ஒருத்தியின் கூடை சிதறி, முட்டை வழிந்தது. பட்டாள வண்டிப் பக்கம் ஒரு சிப்பாய் டீ குவளையைக் கீழே வைத்துவிட்டுத் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றினான். எல்லோரும் ஒதுங்கினால் சுட்டுவிடலாம் என்று பார்க்கிற பார்வை.

தூணில் தீ அணைக்கத் தண்ணீர் நிரப்பின வாளிகள் தொங்கின. பூமாலை இடுப்புத் துணியை அவிழ்த்து ஒரு வாளியில் முக்கி, முறுக்கினாள். அவன் கடப்பாறையைச் சுழற்றி, மறுபக்கம் போக விட்ட நேரத்தில் பின்னாலிருந்து பாய்ந்து துணியை இடுப்பில் போட்டாள். அவன் இழுத்த பக்கமே ஓடினாள். பிளாட்பாரக் கல்லில் முட்டி தேய்ந்தது. பிறகு சாய்ந்தாள். அவன் முழங்கை பின்னால் வந்து வாயில் இடித்தது. பல் ஒன்று நாக்கில் உருண்டது. துப்பினாள். விடவில்லை.

“சின்னதுரை அண்ணே, இந்த முனையப் பிடி” என்றாள்.

சின்னதுரை தூணோடு தூணாக நின்றான்.

“இத்தினி நாளா நான்தான் பிடிக்கிறேன். எனக்கு வந்துச்சா? சொல்லு. எனக்கு வந்துச்சா?”

அவன் நகரவில்லை. சிப்பாயின் துப்பாக்கி இறங்கவில்லை. விருத்தாசலத்துக்கு மூச்சு வாங்கிற்று. கடப்பாறை ஒரு விநாடி தாழ்ந்தது. அந்த ஒரு விநாடிதான் உண்டு என்று பூமாலைக்குத் தெரியும். எகிறி அவன் முதுகில் ஒட்டிக்கொண்டு காதில் வாயை வைத்தாள். ஆயுசு குறைந்தால் குறையட்டும்; சுட்டால் ஆயுசே இல்லை.

“விருத்தாசலம்” என்றாள். “நீ விருத்தாசலம். கெங்கம்மா மவன். கோலியனூரு ஏரிக்கரைத் தெரு. பீமன் இல்ல. நீ பிடிக்கிறவன்.”

கூட்டத்தில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் மறுபடி சொன்னாள், மறுபடியும் சொன்னாள். ரத்தம் கலந்த எச்சில் அவன் காதில் வழிந்தது. அவன் தலை மெல்லத் திரும்பிற்று, பின்னாலிருந்து யாரோ கூப்பிட்ட மாதிரி. அப்போது துணியின் மறுமுனை கனத்தது. சின்னதுரை பிடித்திருந்தான். கண்ணை இறுக்கி மூடியிருந்தான். ஆனால் முறையாகச் சாய்ந்து பிடித்தான். பிடிபட்டுப் பிடிபட்டு அவனுக்கும் முறை தெரியாமலா இருக்கும்?

“மச்சான், நான் சின்னதுரை” என்றான். “போதும். கீழ போடு மச்சான்.”

கடப்பாறை கல்லில் விழுந்த சத்தத்துக்குப் பிறகுதான் சிப்பாய் துப்பாக்கியை இறக்கினான்.

போலீஸ்காரருக்குச் சின்னதுரை கையெடுத்துக் கும்பிட்டுப் பதில் சொன்னான். அவர் இவர்களைப் போக விட்டுவிட்டார். காட்பாடி வண்டி விருத்தாசலம் இல்லாமல் போயிற்று. மாட்டுவண்டியில் வீடு திரும்பும்போது சின்னதுரை ஓட்டவில்லை. விருத்தாசலத்தின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தன் கையை நிமிஷத்துக்கொரு தரம் பார்த்துக்கொண்டு வந்தான். ஏதாவது ஏறுகிறதா என்று பார்க்கிறான் போல. “இன்னா அண்ணே, வந்துடுச்சா?” என்று பூமாலை ஓட்டைப் பல்லோடு கேட்டாள். அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

திண்டிவனத்து டாக்டரம்மாவைத் தேடி மண்ணாங்கட்டி அலைந்து மருந்து வாங்கி வந்தான். விருத்தாசலம் தூங்க ஆரம்பித்தான். சித்திரை பிறந்தது. கொடியேறிற்று.

படுகளத்தன்று காலை விருத்தாசலத்தை வீட்டுக்குள் பூட்டி வைக்க வேண்டும் என்று அப்பாதுரை சொன்னார். மத்தளம் கேட்டால் மறுபடி ஏறிக்கொள்ளும், இந்த முறை உயிர்ச்சேதம் ஆகும் என்றார். பாதி முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொண்டிருந்த சின்னதுரை கையைத் துடைத்துவிட்டு எழுந்தான். “என் மச்சான் பிடிக்கலன்னா நான் கட்டல. வேற எவனாவது என்னைப் பிடிக்கிறானா, கேளுங்க.” கேட்டார்கள். எல்லோருக்கும் இடுப்பு வலி, கை வலி. விருத்தாசலத்தைக் கூப்பிட்டார்கள். அவன் வந்து நின்று, யாரையும் பார்க்காமல் பூமாலையைப் பார்த்தான். முடியுமா என்று அவனுக்கே சந்தேகம். அவள் இடுப்பிலிருந்த துணியை அவிழ்த்துத் தண்ணீரில் நனைத்து அவன் கையில் கொடுத்தாள்.

வெயில் ஏறினபோது பீமன் திடலுக்குள் வந்தான். மூன்றாவது அடியில் துரியோதனன் தொடை உடைந்து சிவப்புத் தண்ணீர் பீறியடித்தது. பெண்கள் குலவையிட்டார்கள். சின்னதுரையின் கண் மேலே செருகிக்கொண்டது. கதாயுதத்தை ஓங்கிக்கொண்டு திரும்பினான். எதிரே, கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டபடி பச்சைமுத்து நின்றிருந்தான்.

பீமனும் பிடிக்காரனும் சேர்ந்து தன் பக்கம் வருவதைப் பார்த்தவனுக்குப் பைத்தியம்தான் வருகிறது என்று தோன்றிவிட்டது. நல்ல கையால் கல்லை எடுத்து எறிந்தான். அது விருத்தாசலத்தின் நெற்றியில் ஆறிக்கொண்டிருந்த புண்ணை மறுபடி பிளந்தது. ரத்தம் கண்ணை மூடிற்று. துணி தளர்ந்தது. பீமன் முன்னால் பாய்ந்தான். கூட்டத்தில் நாலைந்து பேர் கல்லைக் குனிந்து எடுத்தார்கள்.

“விருத்தாசலம்” என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. திடல் முழுக்கக் கேட்கிற குரல்.

அவன் ரத்தத்தைத் துடைக்கவில்லை. பீமன் போன பக்கமே நாலு எட்டுப் போனான். குதிகாலை மண்ணில் ஊன்றிச் சாய்ந்தான். பச்சைமுத்துவின் தலைக்கு ஒரு முழம் மேலே கதாயுதம் நின்றது. நடுங்கிக்கொண்டு நின்றது. விருத்தாசலம் பீமனின் காதில் என்ன சொன்னான் என்று முன்வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்டது. “சின்னதுரை. நீ சின்னதுரை. மூட்டை தூக்கிற சின்னதுரை. நான்தான் பிடிச்சிக்கினு இருக்கிறேன், பயப்படாதே.”

சின்னதுரை முழங்கால் மடங்கி உட்கார்ந்தான். கல் எடுத்தவர்கள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள்.

விருத்தாசலத்துக்கு வியாதி அடியோடு போய்விடவில்லை. ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் ஐப்பசி மழையோடு வரும். வந்தால் ஒரு முனையைப் பூமாலை பிடிப்பாள், மறுமுனைக்குச் சின்னதுரை ஓடி வருவான். பிறகு பிறகு வேறு ஆட்களும் வந்தார்கள். பூமாலை புருஷனைப் பேர் சொல்லியே கூப்பிட்டாள். அந்த ஊருக்கு அறுப்புக்கு ஆள் வேண்டும் என்றாலும் ஊர்ப்பேரைத் தெளிவாகவே சொன்னாள். கெங்கம்மாளுக்கு வம்பு இழுக்க ஒன்றுமில்லாமல் போயிற்று.

நாற்பத்தாறாம் வருஷம் ஒரு மத்தியானம் அப்பாதுரை அவள் வாசலில் வந்து நின்றார். தோளில் துண்டு இல்லை. கன்னத்தில் நகக்கீறல். மருமகள் பிள்ளை பெற்றதிலிருந்து தூங்கவில்லை, இப்போது அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு யாரையும் கிட்டே விடவில்லை என்றார். வெளியே சொல்ல வெட்கப்பட்டு மறைத்து வைத்திருந்ததாகவும், மகன் தடியை எடுத்துவிட்டதாகவும் சொன்னார்.

“அந்தத் துணிய எடுத்துக்கினு கொஞ்சம் வாம்மா” என்றார்.

பூமாலை துணியை நனைத்துப் பிழிந்துகொண்டே கேட்டாள். “அவ பேரு இன்னா?”

‘அடியே’ என்றும் ‘புள்ளே’ என்றும் கூப்பிட்டே பழகிப்போன வீடு. அப்பாதுரை சற்று யோசிக்க வேண்டியிருந்தது.

“ருக்கு” என்றார்.

“அப்பன் பேரும் ஊரும் நடந்துக்கினே சொல்லு” என்று பூமாலை முன்னால் நடந்தாள்.